குனிஞ்சு காலைத் தொட முடியாத ஓட்டக்காரரும் 3,500 வருஷத்து இடுப்பு வலியும்

நீளமான இழை. பொறுமையா படிங்க. ஓடுறவங்க, ஓட ஆரம்பிக்கலாமான்னு யோசிக்கிறவங்க, இடுப்பு பிடிச்சுக்கிட்டு ஓட்டத்தை நிறுத்தினவங்க எல்லாருக்கும்.

போன மாசம் ஓ.பி.யில ஒருத்தர். வயசு 43. விடியக்காலை எழுந்து வாரம் 30 கிலோமீட்டர் ஓடுறவர். கையில பெரிய எம்.ஆர்.ஐ. கவர். நாற்காலியில உட்காராம நின்னுக்கிட்டே கேட்டார்: "சார், ஜவ்வு பிதுங்கியிருக்காம். இனிமே ஓடவே கூடாதா?"

நான் பதில் சொல்றதுக்குள்ள அடுத்ததும் வந்துச்சு. "குனிஞ்சா காலைத் தொட முடியல சார். உடம்பு இறுகிப் போச்சு, அதனாலதான் வலின்னு கூட ஓடுறவங்க சொல்றாங்க. தினமும் முக்கால் மணி நேரம் ஸ்ட்ரெச் பண்றேன். இன்னும் வலி கூடுதே தவிர குறையல."

இந்த ரெண்டு நம்பிக்கையும் (ஜவ்வு பிதுங்கினா ஓட்டம் முடிஞ்சது, உடம்பு வளையலைன்னா இடுப்பு வலிக்கும்) அவரா கண்டுபிடிச்சது இல்ல. ரெண்டுக்கும் பிறந்த ஊர் உண்டு, வருஷம் உண்டு. அதைத் தெரிஞ்சுக்கிட்டா பயம் பாதி குறையும். அதுக்குத்தான் இந்த இழை.

முதல்ல எகிப்து. 1862ல எட்வின் ஸ்மித்னு ஒரு அமெரிக்கர் லக்சர் நகரத்துல ஒரு பாப்பிரஸ் சுருளை விலைக்கு வாங்கினார். சுமார் 3,500 வருஷத்துக்கு முந்தைய மருத்துவ ஏடு. காயம்பட்டவங்க 48 பேரைப் பத்தி தலையில ஆரம்பிச்சு கீழே இறங்கி வரிசையா எழுதியிருக்கு. 48வது ஆள் முதுகெலும்பு சுளுக்கிக்கிட்டவர். வைத்தியர் அவரைக் கால் ரெண்டையும் நீட்டச் சொல்றார், மடக்கச் சொல்றார். நீட்டினதும் வலியில உடனே மடக்கிக்கிறார். நோய் என்னன்னு சொல்லியாச்சு, குணப்படுத்தலாம்னும் சொல்லியாச்சு. மல்லாக்கப் படுக்க வைக்கணும், அப்புறம்... அவ்வளவுதான். எழுத்து பாதியில நின்னுடுச்சு. படி எடுத்தவர் அதுக்கு மேல எழுதவே இல்ல.

சிகிச்சை என்னன்னு சொல்ற இடத்துல நின்னுபோன அந்த வரியை அடுத்து வந்த ஒவ்வொரு தலைமுறையும் தன் இஷ்டத்துக்கு எழுதி முடிச்சுதுன்னு எனக்குத் தோணும்.

19ஆம் நூற்றாண்டுக்கு வாங்க. இடுப்பு வலின்னு போனா டாக்டர் உங்களைப் படுக்கவெச்சு, முட்டியை மடக்காம காலை மேலே தூக்குவார் இல்லையா? லசேக் சோதனைன்னு பேரு. பிரெஞ்சு டாக்டர் சார்ல்ஸ் லசேக்கோட மாணவர் ஃபோர்ஸ்ட் 1881ல தன்னோட ஆய்வேட்டுல இதை எழுதினார். ஆனா அதுக்கு ஒரு வருஷம் முன்னாடியே, 1880ல, செர்பியாவுல லாசா லாசரேவிச்ங்கிற டாக்டர் இதை எழுதிட்டார். அவர் செர்பிய மொழியில பேர் வாங்கின சிறுகதை எழுத்தாளரும் கூட. பேர் என்னவோ பிரெஞ்சுக்காரருக்குப் போயிடுச்சு.

இதை ஏன் சொல்றேன்னா, ஓடுறவங்க இங்கதான் அடிக்கடி ஏமாறுறாங்க. காலைத் தூக்கும்போது தொடையின் பின்பக்கம் இழுத்தா அது பெரும்பாலும் ஹாம்ஸ்ட்ரிங் தசை. ஆனா முட்டிக்குக் கீழே, கெண்டைக்கால், பாதம் வரைக்கும் மின்சாரம் பாயுற மாதிரி சுளீர்னு இறங்கினா அது நரம்பு. எரிச்சல்ல இருக்கிற நரம்பைத் தசைன்னு நினைச்சு தினமும் முக்கால் மணி நேரம் இழுத்தா என்ன ஆகும்? என் நோயாளிக்கு ஆனதுதான் ஆகும்.

அடுத்து 1934. அமெரிக்காவின் பாஸ்டன் நகரம், மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனை. மிக்ஸ்டர், பார்னு ரெண்டு அறுவை சிகிச்சை நிபுணர்கள் 19 நோயாளிகளைப் பத்தி ஒரு கட்டுரை வெளியிட்டாங்க. முள்ளெலும்புகளுக்கு நடுவுல இருக்கிற ஜவ்வு கிழிஞ்சு, பின்னாடி பிதுங்கி, நரம்பை அழுத்துதுன்னு காட்டினாங்க. உண்மையிலேயே பெரிய கண்டுபிடிப்பு. அதுவரை பலருக்கு முதுகுத்தண்டுல கட்டின்னு சொல்லப்பட்டது உண்மையில ஜவ்வுதான்னு தெரிய வந்தது.

பிரச்சினை அதுக்கப்புறம். கையில சுத்தியல் கிடைச்சதும் பார்க்கிறதெல்லாம் ஆணியாத் தெரிஞ்சது. காலுக்கு இறங்குற நரம்பு வலிக்குச் சொன்ன காரணத்தை வெறும் இடுப்பு வலிக்கும் ஒட்டவெச்சுட்டாங்க. "ஜவ்வு விலகிடுச்சு"ங்கிற வார்த்தை நம்ம ஊர் டீக்கடை வரைக்கும் வந்துடுச்சு.

இந்த நினைப்புக்குப் பெரிய அடி ஒண்ணு 60 வருஷம் கழிச்சு விழுந்துச்சு. 1994ல, இடுப்பு வலி இல்லாதவங்க 98 பேரை எம்.ஆர்.ஐ. மெஷினுக்குள்ள அனுப்பினாங்க. அதுல 52% பேருக்கு ஒரு இடத்திலாவது ஜவ்வு உப்பியிருந்துச்சு. 27% பேருக்கு அதைவிடக் கொஞ்சம் அதிகமா பிதுங்கியிருந்துச்சு. எல்லா ஜவ்வும் ஒழுங்கா இருந்தவங்க 36% மட்டும்தான். எல்லாரும் வலி இல்லாதவங்க, ஞாபகம் இருக்கட்டும்!

தலையில நரை மாதிரிதான் இதுவும். இருக்கும். வலிக்கணும்னு அவசியம் இல்ல.

சரி, ஜவ்வு கதை இப்படி. "காலைத் தொட முடியல" கதை எங்கே ஆரம்பிச்சது? இந்த இழையில எனக்கு ரொம்பப் பிடிச்ச மனுஷர் இங்கதான் வர்றார்.

ஹான்ஸ் க்ராஸ். 1905ல ட்ரியெஸ்தேயில பிறந்தவர், வியன்னாவுல மருத்துவம் படிச்சவர், பாறை ஏறுறதுல பைத்தியம். 1938ல அமெரிக்காவுக்குப் போயிட்டார். அடிபட்ட உடம்பைக் கட்டுப்போட்டு அசையாம வைக்கக் கூடாது, சீக்கிரமா அசைக்கணும்ங்கிறது அவரோட கட்சி. அந்தக் காலத்துல இதைச் சொல்ல தைரியம் வேணும்.

நியூயார்க்ல கொலம்பியா-பிரெஸ்பிட்டேரியன் மருத்துவமனையில இடுப்பு வலிக்காரங்களைப் பார்த்துக்கிட்டு இருந்தப்போ, அவரும் டாக்டர் சோன்யா வெபரும் சேர்ந்து ஆறு சின்னச் சோதனைகள் வெச்சாங்க. மல்லாக்கப் படுத்து எழுந்து உட்காரணும், காலை நீட்டி ஒரு தடவை, மடக்கி ஒரு தடவை. படுத்தபடி ரெண்டு காலையும் தூக்கி 10 விநாடி நிறுத்தணும். குப்புறப் படுத்து மேல் உடம்பை 10 விநாடி, அப்புறம் காலை 10 விநாடி தூக்கணும். கடைசியா, முட்டியை மடக்காம குனிஞ்சு தரையைத் தொடணும்.

வலின்னு வந்தவங்கள்ல நிறைய பேருக்கு எலும்புலயோ ஜவ்வுலயோ பெரிய கோளாறு இல்ல, தசைதான் பலவீனமாவும் இறுக்கமாவும் இருக்குன்னு க்ராஸ் சொன்னார். இதுவரைக்கும் நியாயம்தான்.

அப்புறம்தான் இந்தச் சோதனை கிளினிக்கை விட்டு வெளியே போச்சு. ஆரோக்கியமா இருக்கிற பள்ளிக்கூடப் பிள்ளைங்ககிட்ட இதை வெச்சுப் பார்த்தாங்க. 1954ல முடிவு வந்துச்சு: ஆறுல ஒண்ணுலயாவது தோத்த பிள்ளைங்க ஐரோப்பாவுல 9%க்கும் கீழே, அமெரிக்காவுல சுமார் 58%. அமெரிக்கப் பிள்ளைங்க பெரும்பாலும் தோத்தது எதுலன்னு நினைக்கிறீங்க? குனிஞ்சு தரையைத் தொடுறதுல!

இந்தக் கணக்கு நடிகை கிரேஸ் கெல்லியோட அப்பா, படகோட்டத்துல ஒலிம்பிக் தங்கம் வாங்கின ஜான் கெல்லி, கண்ணுல பட்டுச்சு. அவர் ஒரு செனட்டர்கிட்ட சொல்ல, அவர் மூலமா அதிபர் ஐசனோவருக்குப் போச்சு. 1955 ஜூலைல வெள்ளை மாளிகையில விருந்து வெச்சு க்ராஸைப் பேச விட்டாங்க. அடுத்த வருஷம் இளைஞர் உடற்தகுதிக்குன்னு அதிபர் பேர்லயே ஒரு கவுன்சில் வந்துடுச்சு. அமெரிக்காவும் ரஷ்யாவும் முறைச்சுக்கிட்டு நின்ன காலம் அது. பையன் விரல் தரையைத் தொடலைங்கிறது தேசப் பாதுகாப்புப் பிரச்சினை ஆயிடுச்சு.

சறுக்கல் எங்கேன்னு கவனிச்சீங்களா? வலி இருக்கிறவங்க காலைத் தொட முடியாம இருந்தாங்க. அதனால, காலைத் தொட முடியாதவங்களுக்கெல்லாம் நாளைக்கு வலி வரும்னு ஆயிடுச்சு. குடை பிடிச்சவங்க இருக்கிற தெருவுல மழை பெய்யுது, அதனால குடைதான் மழையைக் கொண்டுவந்துச்சுன்னு சொல்ற மாதிரி. வலி இருந்தா உடம்பே தசையை இறுக்கிக் குனிய விடாது. இறுக்கம் வலியோட விளைவாவும் இருக்கலாம். தரையைத் தொடுறதுல கை நீளம், கால் நீளம் வேற கணக்குல வரும். வளர்ற வயசுப் பையனுக்குக் கால் முதல்ல நீளும், பாவம் அவன் என்ன பண்ணுவான்.

க்ராஸ் கதை இன்னும் முடியல. 1961 அக்டோபர்ல அவரை மறுபடி வெள்ளை மாளிகைக்குக் கூப்பிட்டாங்க. இந்த முறை நோயாளி அதிபர் கென்னடியே. 1944, 1954, 1955, 1957ன்னு நாலு தடவை முதுகுல கத்தி வெச்சாச்சு. இடுப்புல பெல்ட். இன்னொரு டாக்டர் தசையில மரத்துப்போற ஊசி போட்டுக்கிட்டே இருந்தார். க்ராஸ் ஊசியை ஓரம் கட்டிட்டு உடற்பயிற்சி ஆரம்பிச்சார், வாரம் பல முறை, மெதுவா, படிப்படியா. கென்னடி நல்லாவே தேறினார். பெல்ட்டையும் விடணும்ங்கிறது க்ராஸோட ஆசை. அது மட்டும் நடக்கல. 1963 நவம்பர் 22ல டல்லாஸ்ல காருக்குள்ள உட்கார்ந்திருந்தப்போ கென்னடி அந்த பெல்ட்டைக் கட்டியிருந்தார். முதல் குண்டு பட்டும் அவர் சரியாம நிமிர்ந்தே இருந்ததுக்கு அதுவும் ஒரு காரணமா இருக்கலாம்னு நரம்பியல் அறுவை நிபுணர்களே எழுதியிருக்காங்க.

பயிற்சியிலயும் சண்டை இல்லாம இல்ல. 1937ல பால் வில்லியம்ஸ்னு ஒரு அமெரிக்க டாக்டர் "முன்னாடி வளை, முட்டியை நெஞ்சுக்குக் கொண்டு வா"ன்னு ஒரு முறை கொடுத்தார். 1956ல நியூசிலாந்து, வெலிங்டன்ல ராபின் மெக்கென்சிங்கிற ஃபிசியோகிட்ட வந்த ஒரு நோயாளி, தலைப்பக்கம் தூக்கி வெச்சிருந்த கட்டில்ல தவறிப்போய் குப்புறப் படுத்துட்டார். முதுகு பின்பக்கமா நல்லா வளைஞ்சு கிடக்கு. வேற வேலையா போயிட்டுத் திரும்பி வந்த மெக்கென்சி பதறிப்போனார். நோயாளி சாவகாசமா சொன்னார், மூணு வாரத்துல இப்பதான் சுகமா இருக்கு, கால் வலி போயிடுச்சுன்னு. அதுல இருந்து பின்பக்கம் வளையுற மெக்கென்சி முறை பிறந்துச்சு. ஒருத்தர் குனின்னார், ஒருத்தர் நிமிருன்னார், ரெண்டு பேருக்கும் குணமானவங்க இருந்தாங்க! எந்தப் பக்கம் அசைஞ்சா உங்க வலி குறையுதோ அந்தப் பக்கம் உங்களுக்கு நல்லது. கால்ல இறங்கின வலி மேலே ஏறி இடுப்போட நின்னா அது நல்ல அறிகுறி.

இதுக்கெல்லாம் நடுவுல டாக்டர்கள் நாங்க பெரும்பாலும் எழுதிக்கிட்டு இருந்தது வேற: "ரெஸ்ட்".

இங்க ஒண்ணு ஒத்துக்கணும். நான் ஹவுஸ் சர்ஜனா இருந்தப்போ மார்க்கெட்ல மூட்டை தூக்குற அண்ணன் ஒருத்தர் வார்டுல இருந்தார். சாதாரண இடுப்புப் பிடிப்பு. கால்ல பலம் குறையல, மரத்துப் போகல. ஆனா கால்ல எடை கட்டித் தொங்கவிட்டு ரெண்டு வாரம் படுக்க வெச்சோம். டிஸ்சார்ஜ் சீட்டுல "மூணு வாரம் முழு ஓய்வு, கனம் தூக்கக் கூடாது"ன்னு என் கையாலதான் எழுதினேன். ரெண்டு மாசம் கழிச்சு மருந்து வாங்க வந்தார். அவர் இடத்துல வேற ஆள் வந்துட்டாங்களாம். இப்ப வாட்ச்மேன் வேலை, பாதிச் சம்பளம். இடுப்பு எப்படிண்ணே இருக்குன்னு கேட்டேன். "அப்படியேதான் தம்பி இருக்கு"ன்னார்.

நான் அதை எழுதுறதுக்கு ரொம்ப வருஷம் முன்னாடியே, 1986ல, ரிச்சர்ட் டேயோ குழு டெக்சாஸ்ல 203 பேரை ரெண்டு பிரிவாக்கிப் பார்த்துட்டாங்க. ஒரு பிரிவுக்கு 2 நாள் படுக்கை, இன்னொண்ணுக்கு 7 நாள். 2 நாள் பிரிவு 45% குறைவான நாட்களே வேலைக்கு லீவு போட்டாங்க. குணமாகுறதுல வித்தியாசம் இல்ல. 1995ல ஹெல்சின்கி மாநகராட்சி ஊழியர்கள் 186 பேர்: சிலருக்குப் படுக்கை, சிலருக்கு முதுகுப் பயிற்சி, சிலருக்கு "வலி விடுற அளவுக்கு வழக்கமான வேலையைப் பாருங்க". சீக்கிரமா தேறினது கடைசிப் பிரிவு. இது எதுவும் அன்னைக்கு எங்க வார்டுக்கு வந்து சேரல.

இப்ப ஓட்டக்காரங்க பக்கம். நியூசிலாந்துல ஆர்தர் லிடியார்ட் சாதாரண ஜனங்களை மெதுவா ஓட வைக்கிறதை 1962ல போய்ப் பார்த்த பில் பவர்மன்ங்கிற பயிற்சியாளர், ஜாகிங்கை அமெரிக்காவுக்குக் கொண்டு வந்தார். 1972 மியூனிக் ஒலிம்பிக் மாரத்தான்ல ஃபிராங்க் ஷார்ட்டர் தங்கம் வாங்கினதும் ஜனம் தெருவுல இறங்கிடுச்சு. ஆயிரக்கணக்குல ஓடினா அடிபடுறதும் ஆயிரக்கணக்குல இருக்கும். என்ன பண்ணலாம்னு தேடுறப்போ 1975ல பாப் ஆண்டர்சனோட ஸ்ட்ரெச்சிங் புத்தகம் வந்துச்சு. எந்தத் தசையை எப்படி இழுக்கணும்னு அழகா படம் போட்டது. அது உலகம் முழுக்கப் பரவினதுல, ஓடுறதுக்கு முன்னாடி சுவத்தைத் தள்ளிக்கிட்டு நிக்கிறது சாமி கும்பிடுற மாதிரி ஆயிடுச்சு.

வேலை செய்யுதான்னு யாராவது பார்த்தாங்களா? பார்த்தாங்க. 2000த்துல ஆஸ்திரேலியாவுல புதுசா ராணுவத்துல சேர்ந்த 1,538 பேர். பாதிப் பேர் ஒவ்வொரு பயிற்சிக்கு முன்னாடியும் காலோட ஆறு தசைகளை 20 விநாடி இழுத்தாங்க, மீதிப் பேர் இழுக்கல. ஏறக்குறைய மூணு மாசம் ஓட்டம், அணிவகுப்பு எல்லாம் முடிஞ்சப்போ ரெண்டு பிரிவுலயும் கால்ல அடிபட்டவங்க எண்ணிக்கை கிட்டத்தட்ட ஒண்ணுதான். ஆனா ஆரம்பத்துலயே ஓடுற தகுதி குறைவா இருந்தவங்க அதிகமா அடிபட்டாங்க. 1996ல 19 ஆண் ஓட்டக்காரர்களை வெச்சுப் பார்த்த ஒரு சின்ன ஆய்வு இன்னும் சுவாரசியம்: சில இடங்கள்ல இறுக்கமா இருந்தவங்க அதே வேகத்துல ஓட குறைவான ஆக்சிஜனைச் செலவழிச்சாங்க. காரணம் ஊகிக்க முடியும். குதிகால் நரம்புன்னு நாம சொல்ற தசைநாண் ஒரு ஸ்பிரிங். தொளதொளன்னு இருக்கிற ஸ்பிரிங் எகிறாது.

அதுக்காக ஸ்ட்ரெச்சிங் குப்பைன்னு சொல்ல வரல. செஞ்சா உடம்பு அதிகமா வளையும். அதுல பெரும்பங்கு தசை நீளமாகுறதால இல்ல, இழுவையை நரம்பு மண்டலம் பொறுத்துக்கப் பழகுறதால. இதமா இருக்கா, செய்யுங்க. ஓடி முடிச்ச பிறகோ சாயங்காலமோ, ஒரு தசைக்கு 30 விநாடி போதும். நாள் பூரா நாற்காலியில இருக்கிறவங்களுக்குத் தொடையின் முன்பக்கமும் இடுப்பின் முன்பக்கமும் இழுத்து விட்டா சுகமா இருக்கும். ஆனா அது அடிபடாம காக்கும் தாயத்து இல்ல.

ஒரு எச்சரிக்கை, முக்கியமா காலை 5 மணிக் கூட்டத்துக்கு. ராத்திரி படுத்திருக்கும்போது ஜவ்வு தண்ணியை உறிஞ்சி உப்பும். அதனாலதான் காலையில நாம கொஞ்சம் உயரமா இருப்போம். அந்த நேரத்துல முழுசா குனிஞ்சா ஜவ்வுல இழுவை அதிகம். எழுந்ததும் குனியுறதைத் தவிர்த்த இடுப்பு வலிக்காரங்களுக்கு வலி குறைஞ்சதுன்னு 1998லயே ஒரு ஆய்வு சொல்லுது. படுக்கையை விட்டு எழுந்த உடனே காலைத் தொடப் போராடாதீங்க. பத்து நிமிஷம் வேகமா நடங்க, காலை முன்னும் பின்னும் வீசுங்க, மெதுவா ஓட ஆரம்பிங்க. அதுதான் வார்ம் அப்.

"ஓடினா ஜவ்வு தேயும் இல்லையா டாக்டர்?" 2017ல ஆஸ்திரேலியாவுல ஓடாதவங்க, வாரம் 20 முதல் 40 கிலோமீட்டர் ஓடுறவங்க, 50க்கு மேல ஓடுறவங்க எல்லார் ஜவ்வையும் எம்.ஆர்.ஐ.யில ஒப்பிட்டாங்க. ஓடுறவங்க ஜவ்வுலதான் நீர்ச்சத்து நல்லா இருந்துச்சு. ஒரு தடவை படம் எடுத்து ஒப்பிட்டது என்கிறதால ஓட்டம்தான் காரணம்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன். தேய்ஞ்சு போகலைன்னு மட்டும் தாராளமா சொல்லலாம்.

அதே 2017ல சிங்கப்பூர்ல, நாள்பட்ட இடுப்பு வலியோட ஓடுற 84 பேரை மூணு பிரிவா 8 வாரம் பயிற்சி செய்ய வெச்சாங்க. ஒண்ணு முதுகுத் தசை, ஒண்ணு வயித்தை இறுக்கிப் பிடிக்கிற பயிற்சி, ஒண்ணு வெறும் கால் தசைக்கு. மூணுலயும் வலி குறைஞ்சது. ஆனா "இப்ப நல்லா ஓட முடியுது"ன்னு அதிகமா சொன்னது கால் பயிற்சிப் பிரிவு! கால் பலமா இருந்தா தரையோட அதிர்ச்சியைக் கால் வாங்கிக்கும், இடுப்புக்கு மிச்சம் வைக்காது.

என் நோயாளிக்கு வர்றேன். பரிசோதிச்சுப் பார்த்ததுல கால் பலம் சரியா இருந்துச்சு. வலது காலைத் தூக்கும்போது மட்டும் கெண்டைக்கால் வரை லேசா இழுத்துச்சு. எப்ப ஆரம்பிச்சதுன்னு தோண்டித் தோண்டிக் கேட்டேன். ஒரு போட்டிக்காக 18 கிலோமீட்டர்ல இருந்து ரெண்டே வாரத்துல 30க்குத் தாவியிருக்கார். எம்.ஆர்.ஐ.யில இதெல்லாம் தெரியாது.

காலையில குனியுற ஸ்ட்ரெச்சை நிறுத்தச் சொன்னேன். ரெண்டு வாரம் தினமும் நடை. நடுவுல நடுவுல ஒரு நிமிஷம் மெல்லோட்டம், வலி காலுக்கு இறங்காத வரைக்கும். வாரம் மூணு நாள் கால் பயிற்சி: நாற்காலியில உட்கார்ந்து எழுறது, படிக்கட்டு ஏறி இறங்குறது, மல்லாக்கப் படுத்து இடுப்பைத் தூக்குறது, நுனிக்காலில் நிக்கிறது. சுலபமா ஆனதும் ஒத்தைக் காலில், அப்புறம் கையில எடையோட.

படிக்கிற உங்களுக்கு இதையே மருந்துச் சீட்டா எடுத்துக்காதீங்க. கீழே சொல்றதுல ஏதாவது ஒண்ணு இருந்தாலும் இழையை மூடிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க: சிறுநீர் அடைச்சுக்கிறது அல்லது கட்டுப்பாடு இல்லாம போறது, மலம் அடக்க முடியாம போறது, தொடை இடுக்கும் ஆசனவாய்ப் பகுதியும் மரத்துப்போறது, பாதத்தைத் தூக்க முடியாம போறது, கால் பலம் நாளுக்கு நாள் குறையுறது, இடுப்பு வலியோட காய்ச்சல். காரணமில்லாம எடை குறைஞ்சாலும், முன்னாடி புற்றுநோய் இருந்தவங்களுக்குப் புது வலி வந்தாலும், ராத்திரி படுத்தாலும் விடாம வலிச்சாலும் தள்ளிப்போடாம காட்டுங்க. இளவயசு ஓட்டக்காரங்களுக்குப் பின்னாடி வளையும்போது ஒரே இடத்துல விடாம வலிச்சா எலும்புல மெல்லிய விரிசல் இருக்கலாம், அதுக்கு ஓட்டத்தை நிறுத்தித்தான் ஆகணும்.

நேத்து ரிவியூவுக்கு வந்தார். இந்தத் தடவை உட்கார்ந்துட்டார், கவர் எடுத்துட்டு வரல. கால் வலி இல்ல, இடுப்புல மட்டும் காலையில கொஞ்சம் இறுக்கம். நடையும் ஓட்டமுமா 3 கிலோமீட்டர் போறாராம். எதுக்கும் இருக்கட்டும்னு எழுந்து நின்னு குனிஞ்சு காட்டினார். விரலுக்கும் தரைக்கும் நடுவுல இன்னும் ஒரு சாண் இருக்கு.